பில் இல்லாத கம்பியில் யாருக்கு லாபம்?

வீடு கட்டத் தொடங்குகிறவர் கைக்கு மேஸ்திரி முதலில் கொடுப்பது ஒரு பட்டியல். கம்பி இத்தனை டன், சிமெண்ட் இத்தனை மூட்டை, எம்-சாண்ட் இத்தனை யூனிட். அதை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால், விலை பேசி முடிவதற்குள் கல்லாவில் இருப்பவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: “பில் போடணுமாண்ணா, எஸ்டிமேட் போதுமா?” பில் என்றால் ஜிஎஸ்டி தனியாக வரும். ரொக்கமாகக் கொடுத்தால் விலையை முடித்துத் தருவார். எஸ்டிமேட் என்பது கடையின் பெயரும் வரிப் பதிவு எண்ணும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல.

பதில் சொல்ல வேண்டியவர் மாதச் சம்பளக்காரர், வங்கிக் கடனில் வீடு கட்டுகிறவர் என்றால் அவர் தயங்குவதில் பேராசை ஏதும் இல்லை. தொழில் நடத்துகிறவருக்கு, வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டுக்காரருக்கு அது கிடையாது. கட்டியது கட்டியதுதான். கம்பிக்கு 18 சதவீதம், டைல்ஸுக்கு 18, பெயிண்டுக்கு 18 என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு அறை கட்டும் பணம் வரியாகவே போய்விடுகிறது. ஆகவே, ‘வரி ஏய்ப்பு தேசத் துரோகம்’ என்று அவருக்குப் பாடம் நடத்துவதைவிட, அவர் நம்பியிருக்கும் கணக்கையே எடுத்துப் பார்ப்பது மரியாதை. அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது? அதில் அவர் பங்கு எவ்வளவு?

இதைப் பார்ப்பதற்குக் கும்மிடிப்பூண்டியைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அங்குள்ள சிப்காட் வளாகம். அதிலும் அதைச் சுற்றியும் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் மில்களும் நிறைய இருக்கின்றன. காயலான் கடையில் எடைக்குப் போட்ட பழைய இரும்பு இங்கே வந்து உருகி, பில்லட்டாகி, முறுக்குக் கம்பியாகி, அதே திருவள்ளூர் மாவட்டத்து வீட்டுத் தளங்களுக்குள் போய் உட்காருகிறது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் எளாவூர், ஆரம்பாக்கம். எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா. பழைய இரும்பு வாங்குவதிலிருந்து மாநில எல்லையைக் கடப்பதுவரை, இரும்புக்கு வரி விழும் ஒவ்வொரு கட்டமும் இந்த ஒரே சாலையில் அடுத்தடுத்து வந்துவிடுகிறது.

முதலில் சிமெண்ட். அதன் கணக்கு எளிது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கடைக்காரர் ஒரு மூட்டையை ரூ.300-க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி ரூ.54 சேர்த்து அவர் கையிலிருந்து போவது ரூ.354. பத்து ரூபாய் லாபம் வைத்து ரூ.310-க்கு விற்றால் அதன்மீது வரி ரூ.55.80. தான் ஏற்கெனவே கட்டிய ரூ.54-ஐக் கழித்துக்கொண்டு அவர் அரசுக்குச் செலுத்த வேண்டிய மீதி ரூ.1.80. ‘வரியே வேண்டாம், விட்டுத் தருகிறேன்’ என்று அவர் சொல்லும்போது வாங்குகிறவர் மனதில் ஓடுவது ரூ.55.80. கடைக்காரர் கையில் விட்டுத்தர உண்மையில் இருப்பதோ ரூ.1.80. சிமெண்ட் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளிடமிருந்து வருவதால் ஆலை வாசலிலேயே வரி விழுந்துவிடுகிறது. 500 மூட்டை வாங்கினாலும் இந்த வகையில் மிச்சமாவது மொத்தம் ரூ.900.

கம்பிக்கு வந்தால் கணக்கு கலங்கலாகிறது.

ஒரு டன் கம்பியைக் கடைக்காரர் மில்லிலிருந்து ரூ.50,000-க்கு வாங்குகிறார் என்று கொள்வோம். இவை கணக்கு புரிவதற்கான எண்கள். சந்தை விலை நாளுக்கு நாள் மாறும். 18 சதவீத வரி ரூ.9,000 சேர்ந்தால் அடக்கம் ரூ.59,000. ஆயிரம் ரூபாய் லாபம் வைத்து ரூ.51,000-க்கு விற்றால், வரி ரூ.9,180 சேர்த்து பில் விலை ரூ.60,180. சிமெண்டைப் போலவே இங்கும் அவர் அரசுக்குக் கட்ட வேண்டிய மீதி ரூ.180 மட்டும்தான். ஆனால் அவர் கேட்பது என்ன? “பில் இல்லாம ஐம்பத்தேழாயிரத்துக்கு எடுத்துக்குங்க.” ரூ.59,000 அடக்கமுள்ள சரக்கை ரூ.57,000-க்கு விற்றுவிட்டு எந்த வியாபாரியும் கடையைத் திறந்து வைத்திருக்க முடியாது. அப்படியானால் விடை இரண்டில் ஒன்று.

ஒன்று, வீட்டுக்காரர் வேண்டாம் என்று விட்ட பில் வேறொருவருக்குப் போகிறது. சரக்கு ஒரு வீட்டுக்கு, அந்தச் சரக்குக்கான பில் ஒரு காண்டிராக்டருக்கு. காண்டிராக்டர் தன் வேலைக்கு வாங்கும் தொகையின்மீது அரசுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியவர். வாங்காத கம்பிக்கு ஒரு பில் கையில் இருந்தால், அதிலுள்ள ரூ.9,180-ஐ உள்ளீட்டு வரி வரவு என்று கழித்துக்கொள்ளலாம். அந்த பில்லுக்கு அவர் பாதி விலை, ரூ.4,590, கொடுப்பதாக வைத்தால், கடைக்காரர் வீட்டுக்காரரிடம் ரூ.2,000 நஷ்டப்பட்டும், அரசுக்குக் கட்டும் ரூ.180 போக, டன்னுக்கு ரூ.2,410 லாபம் பார்க்கிறார். நேர்மையாக விற்றிருந்தால் ரூ.1,000; ஆகக் கூடுதல் ஆதாயம் ரூ.1,410. காண்டிராக்டருக்கு மிச்சம் ரூ.4,590. வீட்டுக்காரருக்கு மிச்சம் ரூ.3,180. மூவரின் ஆதாயத்தையும் கூட்டினால் சரியாக ரூ.9,180 வரும், அது முழுவதும் அரசுக் கஜானாவிலிருந்து போனது. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய தொகை வீட்டுக்காரருக்கு. மீதி ஆறாயிரம், அவர் ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரு காகிதத்துக்காக வேறு இருவருக்கு.

வரித் துறை அதிகாரிகள் ‘பில் டிரேடிங்’ என்று அழைக்கும் வியாபாரம் பிழைப்பது இப்படித்தான். சரக்கே இல்லாமல் பில்லை மட்டும் விற்கும் போலி நிறுவனங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அது எங்கோ தொலைவில் நடக்கும் பெரிய மனிதர்களின் மோசடி என்று படித்துவிட்டுப் போகிறோம். சரக்கு இல்லாத ஒரு பில் நம்பும்படி இருக்க வேண்டுமானால், எங்கோ பில் இல்லாமல் ஒரு சரக்கு போயிருக்க வேண்டும். அந்தச் சரக்கு சாதாரண வீட்டு மொட்டை மாடியில் இருக்கக்கூடும் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது விடை, கம்பி மில்லை விட்டு வரும்போதே பில் இல்லாமல் வந்தது. அதற்கு மில்லுக்குள் வந்த பில்லட்டும் கணக்கில் இருக்கக் கூடாது. உலைக்குள் போன பழைய இரும்பும் கணக்கில் இருக்கக் கூடாது. பழைய இரும்பில்தான் இதற்கு வாசல் அகலம். தெருத் தெருவாகத் தள்ளுவண்டியில் போய் வாங்குகிறவரிடம் பில் கேட்க முடியாது. காயலான் கடையிலும் கொடுக்கல் வாங்கல் ரொக்கம்தான். அது கைமாறிக் கைமாறி லோடு லோடாக உலைக்குப் போகும்போது, எங்கோ ஒரு கட்டத்தில் கணக்குக்கு ஒரு பில் தேவைப்படுகிறது. அங்கே போலி பில் நுழைகிறது. இதைப் புரிந்துகொண்டுதான் 2024 அக்டோபர் 10 முதல் விதி மாறியது: பதிவு பெறாதவரிடமிருந்து உலோகக் கழிவை வாங்கும் பதிவு பெற்ற நிறுவனமே வரியைக் கட்ட வேண்டும், பதிவு பெற்றவர்களுக்கு இடையிலான உலோகக் கழிவு வியாபாரத்தில் 2 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்து போட்ட ஒட்டு என்று இதைச் சொல்லலாம்.

மேலிருந்து கண்காணிக்கும் முயற்சிகள் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. இண்டக்‌ஷன் உலை மின்சாரத்தைக் குடிக்கும் இயந்திரம். எத்தனை யூனிட் எரிந்தது என்று பார்த்தால் எத்தனை டன் உருகியது என்று தெரிந்துவிடும் என்பது கலால் வரிக் காலத்து அதிகாரிகளின் கணக்கு. ஆர்.ஏ. காஸ்டிங்ஸ் வழக்கில், மின்சாரத்தை மட்டும் ஆதாரமாக வைத்து உற்பத்தியை மறைத்ததாக முடிவு கட்ட முடியாது என்று தீர்ப்பாயம் 2009-ல் சொன்னது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. உலைக்கு உலை, இரும்புக்கு இரும்பு மின் செலவு மாறும் என்பதால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. சோதனைச் சாவடிகளின் கதையும் இதுதான். ஜிஎஸ்டிக்கு முன்பு, வெளி மாநிலத்துக்கு விற்றதாகக் காட்டினால் ‘சி’ படிவத்தோடு 2 சதவீத மத்திய விற்பனை வரி போதும். தமிழ்நாட்டுக்குள் விற்றால் பல பொருள்களுக்கு 14.5 சதவீத மதிப்புக் கூட்டு வரி. வித்தியாசம் இவ்வளவு இருந்தால், எல்லையைத் தாண்டாத சரக்கைத் தாண்டியதாகக் காட்டும் ஆசையும் கூடவே இருக்கும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018-ல், சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணு ஆவணமான இ-வே பில் வந்தது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது கட்டாயம். அதற்குக் குறைவாக, குட்டி யானையில் இரண்டு நடையாகப் போகும் கம்பியை யார் நிறுத்தி எண்ணுவது?

மதிப்புக் கூட்டி வரி வாங்கும் முறையின் பலமே, ஒவ்வொரு கட்டத்திலும் வாங்குகிறவர் தன் வரவுக்காக விற்கிறவரிடம் பில் கேட்டுவிடுவார் என்பதுதான். சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு மட்டும் அந்தத் தேவை இல்லை. அங்கே நிற்பவர் வீட்டுக்காரர்.

அந்த வீட்டுக்காரர் பக்கம் திரும்பலாம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 4 டன் கம்பி ஆகும். டன்னுக்கு ரூ.3,180 வீதம் அவர் மிச்சம் பிடித்தது ரூ.12,720. சிறிய தொகை அல்ல. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பல நாள் கூலி. இதை மறைக்க வேண்டியதில்லை. ‘பில் இல்லாமல் வாங்கினால் வாடிக்கையாளருக்கு ஒரு காசு லாபம் இல்லை’ என்று சொல்வது பொய்யாகிவிடும். ஆனால் இந்தப் பணத்துக்கு அவர் கொடுத்த விலையையும் எழுத வேண்டும்.

முதல் விலை, கம்பியின் தரம். முறுக்குக் கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786. அதன்படி 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.66 கிலோ. தரநிலை சிறிது ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. எடை குறைந்த கம்பியை எண்ணிக்கைக் கணக்கில் விற்றால் வாங்குகிறவருக்கு நேரடி நஷ்டம். எடைக் கணக்கில் விற்றாலும் தளத்துக்குள் போகும் கம்பி, பொறியாளர் கணக்கிட்டதைவிட ஒல்லியானது. எடையையாவது எடை மேடையில் பார்த்துவிடலாம். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. எஃப்இ 500டி தரத்தில் கந்தகமும் பாஸ்பரஸும் தலா 0.040 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இண்டக்‌ஷன் உலை இரும்பை உருக்கும். அதிலுள்ள கந்தகத்தையும் பாஸ்பரஸையும் பிரித்தெடுக்காது. ஆகவே எந்தப் பழைய இரும்பைப் போடுகிறார்கள் என்பதே முக்கியம். கவனமாகப் பொறுக்கிப் போட்டு, ஒவ்வொரு உருக்கையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து அனுப்பும் மில்களுக்கு அதற்கான சான்றிதழ் தருவதில் சிரமம் இல்லை. அந்தச் சான்றிதழில் உருக்கின் எண் இருக்கும். அது பில்லோடு சேர்ந்து வரும். பில் இல்லாத கம்பிக்கு ‘இது எந்த நாள், எந்த உருக்கு’ என்று கேட்க ஆதாரமே இல்லை. கம்பியில் பதித்த பெயர் மட்டும் இருக்கும். பெயரைப் பதிக்கும் உருளையை யாரும் செய்துகொள்ளலாம்.

வீடு என்பது ஐம்பது வருஷக் காரியம். கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பொரிந்து விழத் தொடங்குவது பத்துப் பதினைந்து வருஷம் கழித்து. கடற்காற்று அடிக்கும் பழவேற்காடு, காட்டுப்பள்ளி, மீஞ்சூர்ப் பக்கம் அது இன்னும் சீக்கிரம் வரலாம். அன்றைக்கு ரூ.12,720 யாருக்கும் நினைவிருக்காது.

இரண்டாவது விலை, முறையிடும் உரிமை. 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விதிப்படி பில்லோ ரசீதோ தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற எண்ணில் உதவி மையமும் உண்டு. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பில் எங்கே? நீர்மூழ்கி மோட்டார் மூன்றாம் மாதம் நின்றுபோனாலும், இன்வெர்ட்டர் பேட்டரி வீங்கினாலும், டைல்ஸ் நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறினாலும் துண்டுச் சீட்டு அங்கே செல்லாது.

இதற்குமேல் சட்டச் சிக்கல்கள் இருக்கின்றன. 4 டன்னுக்கு ரூ.2,28,000 ரொக்கம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். ‘ரெண்டு நாளாப் பிரிச்சுக் குடுங்க’ என்பது தப்பிக்கும் வழியல்ல, ஒரே வியாபாரத்தை எத்தனை நாளாகப் பிரித்தாலும் அது ஒன்றுதான். வழியில் வணிகவரி நடமாடும் படை வண்டியை நிறுத்தி, ஆவணம் இல்லை என்று பிடித்துவைத்தால், சரக்கின் உரிமையாளர் அதை மீட்க வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 4 டன்னுக்கு அது ரூ.73,440. அந்த நேரத்தில் ‘சரக்கு என்னுடையதல்ல’ என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டால், உரிமையாளர் என்று நிற்க வேண்டியவர் பணத்தைக் கொடுத்துவிட்ட வீட்டுக்காரர்தான். பிற்காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் கட்டுமானச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். செலவுக்குச் சான்று கேட்பார்கள். ரொக்கத்தில் வாங்கிய கம்பி அந்தக் கணக்கில் இல்லாத கம்பி.

இந்த விஷயத்தில் மிகவும் வருத்தம் தரும் பகுதி ஒன்று இருக்கிறது. வரியைப் பற்றிய விவாதங்களில் அது வருவதே இல்லை. கணக்கில் வராத கம்பியைக் கணக்கில் வரும் தொழிலாளியைக் கொண்டு உருட்ட முடியாது. ஐம்பது டன் காட்டிவிட்டு எண்பது டன் உருட்டுகிற இடத்தில், முப்பது டன்னுக்கு வேலை செய்தவரின் கூலியும் உறையில் ரொக்கமாகத்தான் போகும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கும்மிடிப்பூண்டி உலைகளின் முன்னால் நிற்கிறவர்கள் பலர். மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுகிறவருக்கு ஈஎஸ்ஐ பாதுகாப்பு உண்டு. நிறுவனம் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால் போதும். வேலையில் காயம்பட்டு இறந்தால், சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாதாமாதம் போகும். பெயரே இல்லாத வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, உருகிய இரும்பு தெறித்து இறந்தவரின் மனைவி பாலசோரிலோ கஞ்சத்திலோ இருந்து இந்த உரிமையை எப்படி நிலைநாட்டுவார்? டன்னுக்கு மூவாயிரம் ரூபாய்த் தள்ளுபடியின் ஒரு பகுதி இவருடைய காப்பீட்டிலிருந்தும் வருகிறது. எஸ்டிமேட் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறவர் தானும் சிப்காட்டில் தொழிலாளியாக இருக்கலாம் என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது.

அடுத்த கடைக்காரரையும் பார்க்க வேண்டும். பில் போட்டு ரூ.60,180 சொல்கிறவரும், பில் இல்லாமல் ரூ.57,000 சொல்கிறவரும் ஒரே தெருவில் இருந்தால், முதலாமவர் எத்தனை மாதம் தாங்குவார்? ஒன்று கடையை மூட வேண்டும், அல்லது அவரும் எஸ்டிமேட் புத்தகம் அச்சடிக்க வேண்டும். தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி விற்கத் தொடங்கிவிட்டால் தள்ளுபடி கொடுக்க வேண்டிய கட்டாயமும் குறைந்துவிடும். அப்போது ஏய்த்த வரி கடைக்காரர்களிடமே தங்கும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு மட்டும் கொஞ்சம் கிடைக்கும்.

கட்டாத வரியால் குறைவது எது என்று கேட்டால், 18 சதவீதத்தில் பாதி மாநிலத்துக்கு உரியது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் சொந்த வரி வருவாயின் பங்கு 2006-07 வாக்கில் எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்து, 2020-21-ல் ஐந்தரை சதவீத அளவுக்கு இறங்கியதைக் காட்டியது. இதற்குக் காரணங்கள் பல. ஏய்ப்பு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பணம் எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அங்கே நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு ரூ.6,000 கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்ததும், மதுவிலக்கால் இழந்த வருவாய்க்கு ஈடு தேடித்தான். கடையில் வசூலாகும் வரியை நம்பியே இந்த மாநிலம் அன்றிலிருந்து திட்டம் போட்டு வருகிறது.

வியாபாரிகள் தரப்பில் நியாயமே இல்லை என்று ஒதுக்குவது தவறு. மாதாமாதம் தாக்கல், சப்ளையர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் வாங்கியவருக்கு வரவு நிறுத்தம், சின்னத் தவறுக்கும் நோட்டீஸ். இவை உண்மையான தொல்லைகள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது கண்ணெதிரே இருக்கிறது. யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு ரூ.29 லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பெங்களூருக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கின. பயமுறுத்தினால் வியாபாரம் ரொக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டத்துக்கு உட்பட்டு வரியைத் தவிர்ப்பதையும் ஏய்ப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2022 ஜூலையில், 25 கிலோவரை பை கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி வந்தபோது கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின. அரிசி மில்கள் நிறைந்த செங்குன்றம் பக்கம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. அங்கே பில் உண்டு, மூட்டைமேல் எடை உண்டு, மறைத்தது ஏதும் இல்லை. அதேபோல, ஆண்டு விற்றுவரவு ரூ.40 லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைக்குப் பதிவே தேவையில்லை, ரூ.1.5 கோடிக்கு உட்பட்டு இணக்க முறையில் 1 சதவீதம் கட்டுகிற கடை வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. இவர்கள் ‘ஜிஎஸ்டி இல்லாமல் தருகிறேன்’ என்று சொல்வதும் சலுகை அல்ல. அவர்களுக்கு வாங்கும் உரிமை இல்லாத வரி அது. பில்லில் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண் இருந்தால், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும்; ஆந்திரத்துக்கு 37. அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால், கடை யாருடையது, பதிவு உயிரோடு இருக்கிறதா, இணக்க முறையில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். வரியை வாங்கிக்கொண்டு கட்டாமல் விடுகிற இன்னொரு மோசடியிலிருந்தும் ஓரளவு இது காப்பாற்றும்.

கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கு பில் கேட்பதில் ஆதாயம் இருக்க வேண்டும் என்பதைச் சில அரசுகள் எப்போதோ உணர்ந்துவிட்டன. தைவான் 1951-லேயே பில் எண்ணை வைத்துப் பரிசுக் குலுக்கல் தொடங்கியது. பிரேசிலின் சாவோ பாலோ மாநிலம் 2007-ல், பில் கேட்கிறவருக்கு வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து, குலுக்கலையும் சேர்த்தது. அதை ஆராய்ந்து ஜோவானா நரிட்டோமி 2019-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு ஆண்டுகளில் சில்லறைக் கடைகள் கணக்கில் காட்டிய விற்பனை குறைந்தது 21 சதவீதம் கூடியது என்று காட்டியது. புதிய கடை ஒன்று திறக்காமல், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த விற்பனை வெளிச்சத்துக்கு வந்த அளவு அது. கேரளம் 2022 ஆகஸ்டில் ‘லக்கி பில்’ செயலியைக் கொண்டுவந்தது. 2023 செப்டம்பர் 1-ல் மத்திய அரசு ‘மேரா பில் மேரா அதிகார்’ திட்டத்தை அசாம், குஜராத், ஹரியாணாவிலும் புதுச்சேரி உள்ளிட்ட ஒன்றியப் பிரதேசங்களிலும் சோதனை முறையில் தொடங்கியது, வாடிக்கையாளர்கள் ரூ.200-க்குக் குறையாத ஜிஎஸ்டி பில்களைப் பதிவேற்றலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோடி ரூபாய்ப் பரிசு உண்டு என்று அப்போது அறிவித்தது.

கட்டுமானப் பொருளுக்குக் குலுக்கல்கூட வேண்டியதில்லை. வீடு கட்டுகிறவர் பல லட்சம் ரூபாய்க்குச் சில மாதங்களில் பொருள் வாங்குகிறார்; அவருடைய பில்கள் எண்ணிவிடக்கூடியவை. கட்டட அனுமதி எண்ணோடு அந்த பில்களைப் பதிவேற்றினால், மாநிலத்தின் 9 சதவீதப் பங்கிலிருந்து ஒரு பகுதியை அவர் வங்கிக் கணக்குக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஒன்பதில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தால் நம் கணக்கில் டன்னுக்கு ரூ.1,020, எஸ்டிமேட் தள்ளுபடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதோடு கம்பியின் சோதனைச் சான்றிதழும் அவர் கையில் இருக்கும். அரசுக்கு மிஞ்சும் ஏழு சதவீதம், எஸ்டிமேட் சீட்டில் போனால் வரவே வராத பணம். 2024 விதி பழைய இரும்பு உலைக்குள் போகும் வாசலுக்குக் கதவு போட்டுவிட்டது. கம்பி வெளியே வந்து வீட்டுக்குப் போகும் வாசலில், “பில் போடணுமாண்ணா?” என்ற கேள்விக்கு இன்றைக்கு வீட்டுக்காரர் தனியாக நின்று, தன் கைப் பணத்தைக் கணக்குப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.